கடவுள் வாழ்த்து இல்லாத பந்தி

சென்னையில் பகுத்தறிவுக் கூட்டங்களுக்குப் பஞ்சமில்லை. வாரக் கடைசியானால் எங்காவது ஓர் அரங்கில் ஒலிபெருக்கி, சால்வை, சிறப்புரை, நன்றியுரை. முடிந்ததும் காகிதக் கப்பில் டீ, ஒரு சமோசா, அப்புறம் ஆளாளுக்கு பஸ் பிடிக்க ஓட்டம். வந்தவர்களைப் பார்த்தால் பெரும்பாலும் ஆண்கள்; அதிலும் ஐம்பதைத் தாண்டியவர்கள். அவர்கள் வீட்டார் வருவதில்லை. நம்பிக்கை போய்விட்டதை அம்மாவிடம் சொல்ல முடியாமல் தவிக்கும் இளைஞர் ஒருமுறை வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போனால் மறுபடி தலைகாட்டுவதில்லை. கோயிலில் அன்னதானமும் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சியும் மனிதர்களை ஒட்டவைக்கின்றன. அந்த வேலையைச் செய்ய நம் பக்கம் எதுவுமில்லை. ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்து கலந்து சாப்பிடும் பாட்லக் அதைச் செய்யும். நிபந்தனை ஒன்றுதான்: சாப்பாடுதான் நிகழ்ச்சி என்று ஏற்பாடு செய்பவர்கள் மனதார ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மணிநேரச் சொற்பொழிவுக்குப் பின்னால் சாப்பாட்டை ஒட்டவைத்தால் அது வழக்கமான கூட்டம்தான், ஆறிப்போன சோற்றோடு.

தேதியிலிருந்து தொடங்கலாம். நம் நாட்காட்டியில் பிப்ரவரி 12 டார்வின் நாள், ஜூன் 21 உலக மனிதநேயர் நாள், ஆகஸ்ட் 20 தேசிய அறிவியல் மனப்பான்மை நாள், செப்டம்பர் 17 பெரியார் பிறந்தநாள். இதில் சென்னை வெயிலோடு ஒத்துப்போவது டார்வின் நாள் மட்டுமே. ஜனவரி பாதியிலிருந்து பிப்ரவரி கடைசிவரை மொட்டை மாடியில் மதியச் சாப்பாடு சாத்தியம். ஏப்ரல் முதல் ஜூன் வரை கூரையுள்ள, மின்விசிறி சுற்றும் இடம் இல்லாமல் நினைத்துப் பார்க்க வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்கு மாற்று இடம் கையில் இருக்க வேண்டும். பெரியார் பிறந்தநாளும் புரட்டாசிப் பிறப்பும் ஒட்டியே வரும். அந்த மாதத்தில் பாதி வீடுகளில் கறி சமைக்க விடமாட்டார்கள். நாத்திகர் நாத்திகராக இருக்கலாம், அடுப்படி மாமியார் கையில் இருக்கும். மீனும் கோழியும் விலை இறங்கியிருக்கும் என்பது இன்னொரு பக்கம். ஞாயிறு மதியம் 12.30 நல்ல நேரம். காலைத் திருப்பலிக்கு அம்மாவைக் கூட்டிப்போய் விட்டுவிட்டு வர வேண்டியவர்கள்கூட வந்து சேர்ந்துவிடலாம்.

இடம் என்றால் பெரும்பாலும் அபார்ட்மெண்ட் பார்ட்டி ஹால், இல்லையென்றால் யாராவது ஒருவரின் மொட்டை மாடி. ஹாலைப் பதிவு செய்யும்போதே இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும். அசைவம் அனுமதியா? பதினைந்து ஆம்பியர் பிளக் இருக்கிறதா? முதல் கேள்விக்குப் பல சங்கங்களில் இல்லை என்றே பதில் வரும். அப்படியானால் வேறு இடம் பார்ப்பதே நல்லது. ஒளித்துக் கொண்டுபோய்ச் சாப்பிட்டு, நம்மை நம்பி இடம் வாங்கித் தந்தவரை அண்டை வீட்டாரோடு சண்டையில் மாட்டிவிடக் கூடாது. இரண்டாவது கேள்வி அடுப்புக்காக. 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு ஏறக்குறைய ஒன்பது ஆம்பியர் இழுக்கும். செல்போன் சார்ஜ் போடும் சின்ன பிளக்கில் செருகினால் பிளக் உருகும், அல்லது பந்தி நடுவே மின்விசிறியெல்லாம் நிற்கும்.

கடற்கரை வேண்டாம். மணல், காற்று, காக்கா.

பட்டியல்தான் முதுகெலும்பு

பாட்லக் சொதப்புவதற்கு முதல் காரணம், "ஏதாவது கொண்டு வாங்க" என்று சொல்லிவிடுவது. ஏதாவது என்றால் ஆறு தயிர்சாதம், நான்கு பாக்கெட் சிப்ஸ், மூன்று கிலோ மைசூர்பாக் வரும். வாட்ஸப் குழுவில் கேட்டாலும் இதே கதைதான். நடுவில் நாற்பது ஃபார்வர்டு வந்து விழும், யார் என்ன சொன்னார் என்பது மேலே போய்விடும். எல்லாரும் திறந்து பார்க்கக்கூடிய ஒரே ஒரு கூகுள் ஷீட் போதும். அதில் உணவின் பெயரை எழுதச் சொல்லாமல், காலி இடங்களை முன்கூட்டியே பிரித்துவைத்து, அதில் பெயரைப் போடச் சொல்ல வேண்டும்.

முப்பது பெரியவர்களுக்கு இப்படிப் பிரிக்கலாம். சாத வகை நான்கு இடங்கள், ஒவ்வொன்றும் முக்கால் கிலோ அரிசி. ஏன் முக்கால் கிலோ? பெரும்பாலான வீடுகளில் இருக்கும் ஐந்து லிட்டர் குக்கரில் அரிசியும் தண்ணீரும் சேர்ந்து பாதிக்கு மேல் போகக் கூடாது. முக்கால் கிலோதான் அதன் எல்லை. ஒரே வீட்டில் இரண்டு கிலோ கேட்டால் அவர்கள் இரண்டு மூன்று தடவை வடிக்க வேண்டும். நான்கு இடங்களும் சேர்ந்தால் மூன்று கிலோ, தலைக்கு நூறு கிராம் அரிசி. வெந்தபின் அது 250 முதல் 300 கிராம் சோறாகும். குழம்பு வகை இரண்டு, தலா ஒன்றரை லிட்டர். காய் மூன்று, தலா ஒரு கிலோ நறுக்கியது. கறி, கோழி, மீன் ஆகியவற்றில் இரண்டு, தலா ஒரு கிலோ. இனிப்பு ஒன்றே ஒன்று. பாயசமானால் இரண்டே கால் லிட்டர். மோர் ஒரு இடம்: ஒன்றரை லிட்டர் தயிரில் நாலரை லிட்டர் தண்ணீர் விட்டுக் கடைந்தால் ஆளுக்கு ஒரு டம்ளர் வரும்.

சமைக்காதவர்களுக்கும் பட்டியலில் இடம் வேண்டும். மேன்ஷனிலும் பி.ஜி.யிலும் தங்கியிருப்பவர்களிடம் அடுப்பே இருக்காது. அவர்களைச் "சும்மா வாங்க" என்று கூப்பிட்டால் விருந்தாளியாகவே இருந்துவிடுவார்கள், சங்கடத்தில் அடுத்த முறை வரமாட்டார்கள். இருபது லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு, வாழைப்பழம் இரண்டு சீப்பு, ஊறுகாய், அப்பளம், கை கழுவும் சோப்பு, குப்பைப் பை, ஐஸ் என்று உதிரி இடங்கள் ஒதுக்கினால் அவர்களே முதலில் பெயர் போடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வியாழன் இரவோடு பட்டியலை மூட வேண்டும். வெள்ளி காலை ஓட்டை எங்கே என்று பார்த்தால்தான் சனிக்கிழமை சந்தைக்குப் போகும் ஒருவரிடம் அதைச் சொல்ல முடியும். எப்படியும் இரண்டு மூன்று பேர் கடைசி நேரத்தில் கைவிரிப்பார்கள். அதற்கு மிக மலிவான காப்பீடு ஓர் அட்டை முட்டை. முப்பது முட்டையை அவிக்க அரை மணி நேரம் ஆகாது. மிளகுத்தூள் தூவி வைத்தால் ஒரு பதார்த்தம் குறைந்ததை யாரும் கவனிக்கமாட்டார்கள்.

பட்டியலில் இன்னொரு நெடுவரிசை: சமைப்பவர் யார். இதைத் தவிர்க்கவே கூடாது. பெண்ணடிமைத்தனம் பற்றி மேடையில் முழங்குபவர் கையில் வரும் டிபன் கேரியரை வீட்டில் யார் நிரப்பியது என்று கேட்டால் பல நேரம் பேச்சு நின்றுபோகும். குழுவில் உறுப்பினர் யாரோ, அவரே சமைக்க வேண்டும், அல்லது உதிரி இடத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். வராத மனைவியின் சமையலை வாங்கி மேசையில் வைப்பதில்லை என்று வெளிப்படையாக எழுதிவிடலாம். முதல் தடவை முணுமுணுப்பு இருக்கும். இரண்டாம் தடவை மூன்று புளிசாதம் உப்புக் கரிக்கும். பரவாயில்லை, சாப்பிடலாம்.

எது தாங்கும், எது தாங்காது

சென்னை வெயிலில் ஐந்து டிகிரிக்கும் அறுபது டிகிரிக்கும் இடையே கிடக்கும் சமைத்த உணவில் கிருமிகள் வேகமாகப் பெருகும். இரண்டு மணி நேரம்தான் கணக்கு. 32 டிகிரியைத் தாண்டிய நாளில் அதுவே ஒரு மணி நேரம். பாட்லக்கில் சிக்கல் என்னவென்றால், பத்து மணிக்கு இறக்கிய பாத்திரம் பதினொன்றரைக்கு ஆட்டோவில் ஏறி, பன்னிரண்டரைக்கு மேசைக்கு வந்து, இரண்டு மணிக்கு இரண்டாம் முறை பரிமாறப்படும். எனவே எந்தப் பண்டம் இந்தப் பயணத்தைத் தாங்கும் என்பதுதான் கேள்வி.

புளிசாதம் தாங்கும். புளியும் நல்லெண்ணெயும் அதைக் காக்கும், ஆறினாலும் சுவை கெடாது. எலுமிச்சை சாதம் அதற்கு அடுத்தபடி. தேங்காய் சாதம் மதியத்துக்குள் ஊசிப்போகத் தொடங்கும். தேங்காய்ச் சட்னி அதைவிட மோசம். பொரியலில் தேங்காய்ப்பூவைத் தனி டப்பாவில் குளிர்ச்சியாகக் கொண்டுவந்து பந்திக்கு முன் தூவலாம். சாம்பார் நேரமாக ஆக இறுகும், சீக்கிரம் புளிக்கும். வத்தக்குழம்பும் காரக்குழம்பும் பிழைக்கும். தோசை, பூரி, உளுந்து வடை மூன்றும் பயணத்துக்கு ஆகாது. வடை வேண்டுமென்றால் மசால் வடை. இட்லி கொண்டுவருபவர் ஹாட்பாக்ஸில் ஈரத்துணி விரித்து அடுக்க வேண்டும். சாதத்தைக் கொதிக்கக் கொதிக்க அடைத்து மூடினால் ஆவி நீராகி அடிச்சோறு கூழாகும். ஐந்து நிமிடம் ஆவி விட்டு மூட வேண்டும்.

தயிர்சாதத்துக்கு ஒரு கணக்கு உண்டு. குழைய வடித்த ஒரு பங்கு சாதம், காய்ச்சி ஆறிய பால் இரண்டு பங்கு, தயிர் இரண்டு மூன்று ஸ்பூன் மட்டும். காலை எட்டரைக்குக் கலந்தால் பன்னிரண்டரைக்குப் பதமாக உறைந்திருக்கும். தயிரையே முழுதாக ஊற்றினால் வந்து சேரும்போது நாக்கு கூசும். மாதுளை, திராட்சையைப் பந்தி நேரத்தில் போட்டால் போதும்.

முதல்நாள் இரவு வடித்து வெளியில் வைத்த சாதத்தைக் காலையில் தாளித்துக் கொண்டுவருவதை மட்டும் கண்டிப்பாக மறுக்க வேண்டும். சோற்றில் வளரும் பேசிலஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரி உண்டாக்கும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. சூடாக்கிவிட்டோமே என்ற நம்பிக்கையில்தான் பலர் வாந்தி எடுக்கிறார்கள். வயிற்றுப்போக்கு இருப்பவர் சமைக்கக் கூடாது என்பதையும் ஷீட்டின் தலையிலேயே எழுதிவிடலாம்.

குழம்பு சிந்தாமல் வர, தூக்கை முக்கால் பாகம் மட்டும் நிரப்பி, வாயில் வாழையிலைத் துண்டு விரித்து மேலே மூடியை அழுத்தி, துண்டால் இறுக்கிக் கட்டினால் போதும். ரசத்துக்குப் பிளாஸ்க்.

ஒரே மேசை

பந்தியை எப்படி அமைப்பது என்பதில்தான் நம் ஆட்களுக்குள் சண்டை வரும். அதற்குக் காரணமும் உண்டு. நம் வரலாறே பந்தியில்தான் சூடு பிடித்தது. 1917-இல் கேரளத்தின் செறாயியில் சீர்திருத்தவாதி சகோதரன் அய்யப்பன் நடத்திய சாதிக் கலப்பு விருந்து, வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனிப்பந்தி என்று 1920-களில் வெடித்த கிளர்ச்சி, 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் 'பிராமணாள்' பெயர்ப்பலகையை எதிர்த்து நடந்த மறியல், எல்லாமே யாரோடு யார், யார் கையால் சாப்பிடுவது என்பதைப் பற்றியவை. இந்த நினைவு உள்ளவர்களிடம் போய் "சைவத்துக்குத் தனி மேசை" என்றால் உடம்பு எரியும். மறுபக்கம், விலங்குகள்மீதுள்ள பரிவால் பால்கூடத் தொடாத வீகன்கள் மனிதநேயக் குழுக்களில் நிறைய இருக்கிறார்கள். மீன் குழம்புக் கரண்டி அவியலில் விழுவதை அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்வதும் நியாயமில்லை.

தீர்வு, ஒரே நீள மேசை, எல்லாருக்கும் ஒரே திசை. ஆனால் பண்டங்களின் ஒழுங்கு முக்கியம். தட்டு முதலில். அதை அடுத்து விலங்குப் பொருள் எதுவும் சேராதவை, பின்பு பால், நெய் சேர்ந்தவை, முட்டை, மீன், கோழி, ஆடு, மாடு, கடைசியில் ஊறுகாயும் அப்பளமும். வீகன் பாதியில் நின்று நேரே ஊறுகாய்க்குப் போய்விடலாம். எல்லாரும் ஒரே முனையிலிருந்து நகர்வதால் கரண்டி பின்னோக்கிப் போகாது. பதினைந்து பாத்திரங்களுக்கு ஆறடி மேசை மூன்று போதும். சுவரை ஒட்டாமல் மூன்றடி தள்ளிப் போட்டால் இரண்டு பக்கமும் வரிசை ஓடும், நேரம் பாதியாகும். பாத்திரத்தோடு கரண்டி கொண்டுவர எல்லாரும் மறப்பார்கள். ஏற்பாட்டாளர் ஆறு கரண்டி கூடுதலாக வைத்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னும் ஓர் அட்டை. பண்டத்தின் பெயர், சமைத்தவர், இறக்கிய நேரம், என்ன சேர்ந்திருக்கிறது. 'கறி' என்று மட்டும் எழுதக் கூடாது. ஆடா, மாடா, பன்றியா என்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் மாட்டிறைச்சி சாப்பிடச் சட்டத் தடை ஏதுமில்லை. விஜயவாடா நாத்திக மையம் 1972-லேயே மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் சேர்ந்த விருந்தைப் பொதுவில் நடத்தியது. ஆனால் அது அறிவித்துவிட்டு நடந்தது. தெரியாமல் ஊட்டுவது பகுத்தறிவு ஆகாது. மதத்தை விட்டு வந்தும் பன்றியோ மாடோ பிடிக்காதவர்கள் இருப்பார்கள். அது நாக்குப் பழக்கம், கொள்கைப் பரீட்சை வைக்க வேண்டாம்.

ஒவ்வாமைக்கும் அட்டைதான் காவல். வேர்க்கடலை எலுமிச்சை சாதத்தில் ஒளிந்திருக்கும். முந்திரி குருமாவில் அரைபட்டிருக்கும். இறால் தூள் தொக்கில் கலந்திருக்கும். யாரும் யோசிக்காத ஒன்று பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ சேர்ந்திருக்கும். கோதுமை ஆகாதவருக்கு ரசம்கூடத் தொந்தரவு தரும்.

அட்டையில் சாதிப் பெயர் வரக் கூடாது. 'ஐயங்கார் புளியோதரை' என்றோ இன்னொரு சாதியின் பெயரைப் போட்டு மட்டன் குழம்பு என்றோ எழுதியிருந்தால் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதலாம். ஊர்ப் பெயருக்குத் தடை இல்லை: செட்டிநாடு, ஆம்பூர், நாஞ்சில் நாடு. (ஐயங்கார் பேக்கரிப் பெட்டியில் கேக் வந்தால் பெட்டியைக் கழற்றிவிட்டுத் தட்டில் வையுங்கள்.) பேச்சுக்கும் இதே விதிதான். "உங்க வீட்ல நான்-வெஜ் உண்டா?", "சொந்த ஊர் எது, அங்க எந்தத் தெரு?" என்ற கேள்விகள் நம் ஊரில் எதைத் துழாவுகின்றன என்று எல்லாருக்கும் தெரியும். பந்தி அமைத்துச் சாதியை ஒழிக்க வந்தவர்களே சாம்பார் ருசியை வைத்துச் சாதி கண்டுபிடித்துக்கொண்டிருப்பதும் நடக்கிறது.

பந்தி நேரம்

சாப்பாட்டுக்கு முன் மூன்று நிமிடம் போதும். கழிப்பறை எங்கே, கை எங்கே கழுவுவது, போட்டோ விதி என்ன. பிறகு சமைத்த ஒவ்வொருவரும் தன் பாத்திரத்தைக் காட்டி ஒரே வாக்கியம். உறுதிமொழி, வணக்கம், வாழ்த்து எதுவும் வேண்டாம். குழந்தைகளும் வயதானவர்களும் முதலில். பாய் விரிப்பது அழகுதான், ஆனால் மூட்டுவலிக்காரர்களுக்காகப் பத்து நாற்காலியாவது வேண்டும்.

போட்டோ விதியை இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. கடவுள் மறுப்பை வெளிப்படையாகப் பேசிய ஃபாரூக் 2017 மார்ச்சில் கோயம்புத்தூரில் கொலை செய்யப்பட்டார். வீட்டுக்குத் தெரியாமல் வருபவர்கள் நம் பந்தியில் இருப்பார்கள். பாத்திரங்களைப் படமெடுக்கலாம், முகங்களை, கேட்டு ஒப்புக்கொண்டவர்களை மட்டும். குழுப்படம் எடுத்தே தீரவேண்டும் என்பவர்கள், வேண்டாதவர்கள் விலகிப்போக நேரம் கொடுத்துவிட்டு எடுக்கலாம்.

நெற்றியில் விபூதியோடு துணைவரோ அம்மாவோ கூட வந்தால் அவர் விருந்தாளி. கையில் தட்டு இருக்கும்வரை விவாதம் கிடையாது என்பது நல்ல வழக்கம். புதிதாக வருபவர்களுக்கென்று இருவரை நியமித்துவிட்டால் அவர்கள் மூலையில் செல்போனைப் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டார்கள். அந்த இருவரும் பேசத் தெரிந்தவர்களைவிடக் கேட்கத் தெரிந்தவர்களாக இருப்பது மேல்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் தட்டு, கப்புக்குத் தடை. பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் அதில் அடக்கம். வாழையிலையோ பாக்குமட்டைத் தட்டோ வாங்கலாம். அதைவிட, வீட்டிலிருந்து ஆளுக்கு ஒரு எவர்சில்வர் தட்டும் டம்ளரும் கொண்டுவரச் சொன்னால் குப்பை பாதியாகும், செலவும் இல்லை. அடியில் பெயர் எழுதி டேப் ஒட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எல்லாத் தட்டும் ஒன்றுபோலவே இருக்கும். எச்சில் வாளியும் உலர்குப்பைப் பையும் தனித்தனியாக, கை கழுவும் இடத்துக்கு அருகில்.

இரண்டு மணிக்கு மிச்சத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். ஹாட்பாக்ஸில் சூடு குறையாமல் இருப்பதை, கேட்பவர்களுக்கு டப்பாவில் கொடுக்கலாம். மேசையில் திறந்து கிடந்த தயிர், கோழி, தேங்காய் சேர்ந்தவை குப்பைக்கு. மிச்சத்தைத் தெருவில் இருப்பவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று யாராவது கிளம்புவார்கள். நமக்கே சாப்பிடத் தயக்கமாக இருக்கும் உணவை அவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. கொடுக்கும் எண்ணம் இருந்தால் பந்திக்கு முன்பே தனியாக எடுத்துக் கட்டிவைத்து, சூட்டோடு கொண்டுபோக வேண்டும்.

ஹால் வாடகை, மேசை நாற்காலி, தண்ணீர் ஆகியவற்றின் கணக்கை அன்று இரவே குழுவில் போட்டுவிடலாம். வேலை இல்லாதவர்களும் மாணவர்களும் பங்கு தர வேண்டியதில்லை என்பதைப் பெயர் சொல்லாமல் முன்பே அறிவிப்பது நல்லது. பாத்திர அட்டைகளை உடனே எறியாமல் மூன்று நாள் வைத்திருங்கள். கெட்ட சோற்றால் வரும் வாந்தி ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் தெரியும். கோழி, முட்டையிலிருந்து வரும் சால்மோனெல்லா மூன்று நாள் வரைகூட எடுக்கும். மறுநாள் மாலை "எல்லாருக்கும் வயிறு சரியா?" என்று ஒரு செய்தி அனுப்பி, இருவர் இல்லை என்றால் அவர்கள் பொதுவாகச் சாப்பிட்டது எது என்று அட்டைகளை வைத்துப் பார்க்க வேண்டும். அந்தப் பண்டத்தைச் சாப்பிட்ட மற்றவர்களுக்குப் போன் போட வேண்டும், சமைத்தவருக்குத் தனியாக, குழுவில் பெயர் போடாமல்.